சூளைக்கு வெளியே இருந்த 48 டிகிரி

போன சனிக்கிழமை இரவு பதினொன்றே முக்காலுக்குச் சூளையை அணைத்தேன். ஞாயிறு சாயங்காலம், உள்ளே 90 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு கதவைத் திறந்தேன். மூன்று ஷெல்ஃபிலும் வைத்திருந்த ஆறாம் நம்பர் கோன்கள் (தேவையான சூடு எட்டியதும் குனிகிற சின்னக் கூம்புகள்) ஒரே மாதிரி குனிந்து, நுனி தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றன. பிப்ரவரியிலிருந்து நான் பார்க்கக் காத்திருந்தது இதைத்தான். இடையில் 41 கோப்பைகளும் மூன்று ஷெல்ஃபுகளும் போயின. சூளையின் சூட்டைக் காட்டும் மீட்டர் தப்பாகக் காட்டுகிறது என்பது ஏப்ரலிலேயே தெரிந்துவிட்டது. தப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஆகஸ்ட் ஆனது. போன வழிகளை, தப்பான வழிகளையும் சேர்த்து, வரிசையாக எழுதிவைக்கிறேன்.

முதலில் சூளையைப் பற்றி. என் பட்டறை சென்னை கொருக்குப்பேட்டையில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. சூளை 2021-இல் பழையதாக வாங்கிய மின்சூளை. முன்கதவு வைத்தது, உள்ளளவு 45 செ.மீ. நீளம், அகலம், உயரம். 9 கிலோவாட், மூன்று பேஸ். சூடேற்றக் கான்தல் காயில்கள், 15 செ.மீ. கனத்துக்கு இன்சுலேஷன் செங்கல், வெளியே இரும்புத் தகடு. பின்சுவரில் ஒரு துளை, அதில் பீங்கான் குழாய்க்குள் கே வகைத் தெர்மோகப்பிள், அதாவது சூட்டை அளக்கும் சென்சார். அதிலிருந்து ஒரு மீட்டர் நீளக் கேபிள், சூளையை ஓட்டும் கன்ட்ரோலருக்குப் போகிறது; அதில் தெரியும் எண்ணைத்தான் மீட்டர் என்கிறேன். கன்ட்ரோலர் பெட்டி முதலில் சூளையின் பக்கவாட்டிலேயே, இடுப்புக்குக் கீழே மாட்டியிருந்தது. நான் செய்வது பெரும்பாலும் ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் கெட்டியாக வேகும் மண்) கோப்பை, கிண்ணம். அவற்றின்மேல் பூசும் கண்ணாடிப் பூச்சான கிளேஸ் உருகுவதற்கான வேக்காடு 1220 டிகிரி, அதாவது ஆறாம் நம்பர் கோன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். இரும்பு ஸ்டாண்டின்மேல் இருந்ததால் செங்கல் தப்பியது. கன்ட்ரோலர் பெட்டியின் அடிப்பக்கம் நனைந்துவிட்டது. காயவைத்துப் பார்த்தோம், வேலை செய்தது. ஆனால் அடுத்த மழைக்கு என்ன ஆகுமோ என்று பயந்து, ஜனவரியில் பெட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றி ஐந்தரை அடி உயரத்தில் மாட்டினோம். வயரிங் செய்த தம்பி நல்ல வேலைக்காரர். பவர் கேபிளுக்குச் சரியான தடிமன், எர்த், எம்.சி.பி. எல்லாம் ஒழுங்காகப் போட்டார். சென்சார் கேபிள் எட்டவில்லை என்று நான்கு மீட்டர் ஒயர் சேர்த்து நீட்டினார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். "அக்கா, டேப் சுத்தி பாக்ஸ்ல போட்டுட்டேன், பாக்ஸ் சூளை மேலயே ஸ்க்ரூ பண்ணிட்டேன்" என்றார். சரி என்றேன். எட்டு மாதக் கஷ்டமும் அந்தச் 'சரி'யில் ஆரம்பித்தது, ஆனால் அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

பிப்ரவரியில் முதல் கிளேஸ் வேக்காடு. மீட்டரில் 1220 காட்டியதும் பத்து நிமிடம் நிறுத்திவைத்து அணைத்தேன். மறுநாள் திறந்தால், கிளேஸ் கோப்பையின் காலில் வழிந்து ஷெல்ஃபோடு ஒட்டிக்கிடந்தது. சில கோப்பைகளின் சுவரில் கொப்புளம். மண்ணே உப்பிவிட்டது. அதே வாரம்தான் புதிதாக ஒரு சாக்கு ஃபெல்ட்ஸ்பார் (கிளேஸை உருகவைக்கும் கல்தூள்) வாங்கிக் கிளேஸ் கரைத்திருந்தேன். அதனால் சந்தேகம் முழுவதும் ஃபெல்ட்ஸ்பார்மேல் போனது. சிலிக்காவைக் கூட்டினேன், சீனா களிமண்ணை 3 சதவீதம் ஏற்றினேன், சின்னச் சின்ன ஓடுகளில் பூசிப் பார்த்தேன். மார்ச் முழுவதும் இதிலேயே போனது. கிளேஸ் சரக்குக்கு மட்டும் 2,400 ரூபாய். கிளேஸ் வழிந்ததற்குக் கிளேஸைப் பார்த்தேன், சரி. மண் உப்பியதற்கு யாரைப் பார்ப்பது? அந்த மண் பழைய இருப்பு, நவம்பரில் ஒழுங்காக வெந்த அதே மண். அந்த ஒரு கேள்வியை மார்ச்சிலேயே கேட்டிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

குழப்பத்தைக் கூட்டியது இன்னொன்று. எல்லா வேக்காடும் கெடவில்லை. ஒரு சூளை அருமையாக வரும், அடுத்தது வழியும். ஒரே புரோகிராம், ஒரே கிளேஸ், ஒரே மண். ஏப்ரல் வெயிலில் சூளைக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல் சில நாள் பெடஸ்டல் ஃபேன் போட்டுக்கொண்டேன். நோட்டைப் பின்னால் திருப்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: ஃபேன் போட்ட நாள்களில் கோப்பைகள் தப்பித்திருந்தன. அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை. 'ஃபேன்' என்று ஓரத்தில் எழுதி வட்டம் போட்டுவைத்தேன்.

கொசப்பேட்டையில் பொம்மையும் பிள்ளையாரும் செய்கிற பெரியவர் ஒருவர் மாதம் ஒருமுறை என் பட்டறைக்கு வருவார். மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றது. அவர் மீட்டர் வைத்துச் சூளை போட்டவர் இல்லை, நிறத்தைப் பார்த்துத்தான். ஏப்ரல் கடைசியில் ஒரு கிளேஸ் வேக்காட்டின்போது வந்தார். மீட்டரில் 1150. பார்வைத் துளையில் கண்ணை வைத்துவிட்டு, "இன்னாமா, உள்ள இவ்ளோ வெளுப்பா கீது? போன தபா நீ அணைக்கசொல்ல இருந்த கலரு இப்பவே வந்துடுச்சே" என்றார். அந்தச் சூட்டில் தனக்குக் கண் பழக்கம் கிடையாது என்றும் அவரே சொன்னார். செங்கல் நிறம், ஆரஞ்சு வரைதான் அவர் அனுபவம். ஆனால் போன முறை பார்த்ததற்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் கண் பிடித்துவிட்டது. அன்றைக்குத்தான் கிளேஸை விட்டுவிட்டு மீட்டர் பக்கம் திரும்பினேன்.

கோன் வாங்கினேன். அதுவரை மீட்டரை மட்டுமே நம்பியிருந்ததால் வாங்கவில்லை, விலையும் காரணம். எனக்கு ஒன்று 70 ரூபாய் விழுந்தது. கோன் என்பது கண்ணாடிப் பொருளும் மண்ணும் கலந்து அச்சில் போட்ட விரல் நீளக் கூம்பு. குறிப்பிட்ட சூட்டை, குறிப்பிட்ட வேகத்தில் எட்டும்போது இளகிக் குனியும். கடைசி நூறு டிகிரியை மணிக்கு 60 டிகிரி வேகத்தில் ஏற்றினால் ஐந்தாம் நம்பர் ஏறக்குறைய 1186-இலும், ஆறு 1222-இலும், ஏழு 1239-இலும் குனிய வேண்டும். ஐந்து, ஆறு, ஏழு மூன்றையும் ஒரு மண் துண்டில் வரிசையாக நட்டு நடு ஷெல்ஃபில் வைத்தேன். மீட்டர் 1220-இல் அணைத்தேன். திறந்தால் மூன்றுமே படுத்துக்கிடந்தன. ஏழையும் தாண்டியிருக்கிறது என்று தெரிகிறது; எவ்வளவு தாண்டியது என்று தெரியவில்லை. அடுத்த வேக்காட்டில் எட்டும் ஒன்பதும் சேர்த்து வைத்தேன். எட்டு படுத்துவிட்டது, ஒன்பது பாதி குனிந்திருந்தது. ஒன்பதாம் நம்பர் 1260. ஆக, மீட்டர் 1220 என்றபோது உள்ளே 1260-ஐ ஒட்டி ஓடியிருக்கிறது.

இனி சென்சார். பழைய தெர்மோகப்பிளை வெளியே எடுத்தேன். பீங்கான் குழாயைக் கழற்றினால், இரண்டு கம்பிகளில் ஒன்றின்மேல் பச்சைத் தூள் படிந்து, தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தது. கே வகையின் நிக்கல்-குரோமியம் கம்பி, காற்று சரியாகப் புழங்காத குழாய்க்குள் வெகுநாள் சூட்டில் இருந்தால் குரோமியம் மட்டும் அரித்து இப்படிப் பச்சை பூக்கும். அப்படி ஆனால் மீட்டர் குறைவாகக் காட்டும். கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டு, 950 ரூபாய்க்குப் புதிய தெர்மோகப்பிள் போட்டேன். 3 மி.மீ. கம்பி, 30 செ.மீ. நீளம். மே மாதம் வேக்காடு போட்டேன், எட்டு மறுபடி படுத்தது. பழையதையும் புதியதையும் ஒன்றாகக் கட்டி 900 டிகிரி வரை ஏற்றிப் பார்த்தபோது இரண்டுக்கும் 6 டிகிரிதான் வித்தியாசம். பழையது கெட்டுப்போனது உண்மை. ஆனால் என் 40 டிகிரிக்கு அது காரணமில்லை.

அடுத்து, மீட்டரையே சோதித்தேன். கன்ட்ரோலரின் சென்சார் டெர்மினல் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் ஷார்ட் செய்தால் அறையின் சூட்டைக் காட்ட வேண்டும். 34 காட்டியது. பக்கத்தில் தொங்கிய தெர்மாமீட்டரில் 33. கன்ட்ரோலர் நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஐஸ் சோதனை. புதிய தெர்மோகப்பிளைக் குழாயிலிருந்து உருவி எடுத்து (பீங்கான் குழாயோடு வைத்தால் விரிசல் விடும்), நுனியை மட்டும் ஒரு டம்ளர் உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்த கூழில் வைத்தேன். 1 காட்டியது. கொதிக்கும் தண்ணீரில் வைத்தேன். நம் ஊர் கடல்மட்டத்தில் இருப்பதால் தண்ணீர் 100-இல்தான் கொதிக்கும். 99 காட்டியது. சென்சார் சரி, கேபிள் சரி, கன்ட்ரோலர் சரி. மூன்றும் சரியாக இருந்தும் சூளை 40 டிகிரி தப்பு.

இந்த இடத்தில் இரண்டு மாதம் நின்றுவிட்டேன். ஐஸ் சோதனையை அவ்வளவு நம்பினேன். அந்தச் சோதனை பொய் சொல்லவில்லை. ஆனால் சூளை ஆறிக் கிடக்கும்போது செய்தேன் என்பதுதான் விஷயம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

ஜூலையில், கொளத்தூரில் பட்டறை வைத்திருக்கும் தோழி தன் எஸ் வகைத் தெர்மோகப்பிளை இரவல் தந்தாள். பிளாட்டினம், பிளாட்டினம்-ரோடியம் கம்பிகள் போட்டது. விலை கே வகையைப்போலப் பத்து மடங்குக்கு மேல். "இது போட்டா டவுட்டே இருக்காது" என்றாள். அதன் தலையில் (சூளைக்கு வெளியே கேபிள் சேர்கிற முனையில்) எஸ் என்று இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். ஆர் வகையும் பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும். எஸ் சென்சாரை ஆர் என்று கன்ட்ரோலரில் வைத்துவிட்டால், உள்ளே 1000 இருக்கும்போது 930 சுமாருக்குக் காட்டும். கன்ட்ரோலரில் எஸ் என்று மாற்றி, ஏற்கெனவே இருந்த கேபிளிலேயே மாட்டினேன். வேக்காடு போட்டேன். 1220 வந்தது, அணைத்தேன்.

மறுநாள் ஐந்தாம் நம்பர் கோன்கூட அசையாமல் நேராக நின்றது. கிளேஸ் சொரசொரவென்று காய்ந்த சுண்ணாம்புபோல இருந்தது. ஆறு மாதமாக அதிகம் வெந்துகொண்டிருந்த சூளை, இப்போது வேகவே இல்லை. 1186-ஐக்கூடத் தொடவில்லை.

அந்தச் சூளையைத்தான் நான் மிக நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அதில் கெட்ட எட்டுக் கோப்பைகளில் ஒன்றை இன்னும் ஜன்னலில் வைத்திருக்கிறேன். காரணம் இது: கன்ட்ரோலர் மாறவில்லை, சூளை மாறவில்லை. சென்சாரின் வகை மட்டும் மாறியது, மீட்டரின் தப்பு குறைவாகக் காட்டுவதிலிருந்து கூடுதலாகக் காட்டுவதற்குத் தாவிவிட்டது. அப்படியானால் சென்சாருக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் இருக்கிற ஏதோ ஒன்று சென்சாரின் வகையைப் பொறுத்து நடந்துகொள்கிறது. நடுவில் இருப்பது கேபிள் மட்டும்தான்.

அடுத்த வேக்காட்டில், 1100 காட்டும்போது, சூளையின் பக்கத் தகட்டில் ஸ்க்ரூ செய்திருந்த அந்தச் சின்ன ஜங்ஷன் பாக்ஸில் விரலை வைத்தேன். வைத்திருக்க முடியவில்லை. தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் கன் ஒன்று 1,150 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். அதில் பார்த்தால் வேக்காடு முடியும் நேரத்தில் பாக்ஸ் 78 டிகிரி. பின்சுவரில் தெர்மோகப்பிளின் தலை 110. எதிர்ச் சுவரில் கன்ட்ரோலர் 36. ஆறியதும் பாக்ஸைத் திறந்தேன். ஒரு பக்கம் பழைய காம்பென்சேட்டிங் கேபிள். இன்னொரு பக்கம் வீட்டுக்குப் போடுகிற சிவப்பு, கறுப்பு செம்பு ஒயர். முறுக்கி, டேப் சுற்றியிருந்தது. காந்தத்தைக் காட்டினேன். கே வகைக் கேபிளின் நெகட்டிவ் கம்பி காந்தத்தில் லேசாக ஒட்டும். பழைய பக்கம் ஒட்டியது. புதுப் பக்கம் இரண்டும் ஒட்டவில்லை.

கொஞ்சம் விளக்கம் தேவைப்படுகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். தெர்மோகப்பிள் உள்ளே இருக்கிற சூட்டை நேராகச் சொல்வதில்லை. உள்நுனிக்கும், அந்த உலோகக் கம்பி முடிகிற வெளிமுனைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் மில்லிவோல்ட்டாகத் தருகிறது. கன்ட்ரோலர் தன் டெர்மினல் எவ்வளவு சூடு என்று தானே அளந்து, அதைக் கூட்டிக் காட்டுகிறது. அதனால் டெர்மினல் வரைக்கும் அதே குணமுள்ள கம்பி போக வேண்டும். அதற்குத்தான் காம்பென்சேட்டிங் கேபிள். நடுவில் செம்பு போட்டால், வெளிமுனை என்பது செம்பு தொடங்குகிற இடமாக மாறிவிடும். என் சூளையில் அது 78 டிகிரியில் இருந்த பாக்ஸ். கன்ட்ரோலரோ தன்னுடைய 36-ஐத்தான் கூட்டுகிறது. நடுவில் 42 டிகிரி காணாமல் போகிறது. மேல் சூட்டில் கே வகையில் ஒரு டிகிரிக்கு ஏறுகிற மில்லிவோல்ட் கொஞ்சம் குறைவு என்பதால், 1220 அருகில் அந்த 42 மீட்டரில் 48-ஆகத் தெரியும். மீட்டர் 1220 என்றால் உள்ளே 1268. ஒன்பதாம் நம்பர் கோன் குனிந்ததற்குக் கணக்கு சரியாக வந்துவிட்டது.

ஃபேன் விஷயமும் அங்கேயே புரிந்தது. ஃபேன் காற்று பாக்ஸில் பட்டுக் குளிர்ந்திருக்கிறது. காணாமல் போகிற டிகிரி குறைந்திருக்கிறது. நீண்ட வேக்காட்டில் தகடு நன்றாகச் சுட்டுவிடும், அன்றைக்குத் தப்பு அதிகம். பிஸ்க் வேக்காட்டில் (கிளேஸ் பூசுவதற்கு முன் போடும் முதல் வேக்காட்டில்) தகடு அவ்வளவு சுடாது, அதனால் பிஸ்க் ஒருபோதும் சந்தேகம் தரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவில் தப்பியதற்கு இதுதான் காரணம். ஒரே அளவில் தப்பியிருந்தால் 48-ஐக் கழித்துக்கொண்டே ஓட்டியிருப்பேனோ என்னவோ.

ஐஸ் சோதனை ஏன் தேறியது என்பதும் அப்போது விளங்கியது. சூளை ஆறிக் கிடந்தது. பாக்ஸும் 33, கன்ட்ரோலரும் 33. வித்தியாசமே இல்லாத இடத்தில் தப்பு எப்படித் தெரியும்? எஸ் வகையில் தப்பு எதிர்ப்பக்கம் போனதும் இதனால்தான். தலையிலிருந்து பாக்ஸ் வரை இருந்த ஒரு மீட்டர் கே கேபிள், எஸ் சென்சாருக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு மில்லிவோல்ட்டை உள்ளே ஏற்றிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 65, 70 டிகிரி கூடுதலாகக் காட்டியிருக்க வேண்டும். எஸ் வகைக்கு அதற்கென்று தனிக் கேபிள் போட வேண்டும்.

இதையெல்லாம் ஊகமாக விட்டுவிட மனமில்லை. வீட்டிலிருந்து ஹேர் டிரையர் கொண்டுவந்தேன். சூளை ஆறியிருந்தது, கே சென்சாரைத் திரும்ப மாட்டினேன், மீட்டர் 33 காட்டியது. டிரையரைப் பாக்ஸின்மேல் மட்டும் பிடித்தேன். பாக்ஸ் 70-க்கு ஏறுவதை இன்ஃப்ராரெட் கன்னில் பார்த்துக்கொண்டே மீட்டரையும் பார்த்தேன். 33, 25, 14, 3, அப்புறம் மைனஸ் 5. சூடு காட்ட, மீட்டர் இறங்கியது. கொருக்குப்பேட்டையில், ஆகஸ்ட் மத்தியானத்தில், மைனஸ் 5! வயரிங் தம்பியை போனில் கூப்பிட்டு வரச்சொல்லி அவருக்கும் காட்டினேன். அவர் முகம் சட்டென்று மாறியது. "அக்கா, ஒயருன்னா ஒயருன்னுதான் நெனச்சேன்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் போய்க் கேபிள் வாங்கினோம். கடையில் கே வகை, கண்ணாடி இழை உறை, வெளியே ஸ்டீல் வலைப் பின்னல் என்று கேட்டு, மீட்டர் 120 ரூபாய்க்கு ஆறு மீட்டர். தலையிலிருந்து கன்ட்ரோலர் வரை ஒரே துண்டு, நடுவில் ஒட்டே கிடையாது. தம்பியே மாட்டித் தந்தார். மீட்டர் 33 காட்டியது. எல்லாரும் சிரித்தோம்.

சரி, ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று டிரையரைத் தெர்மோகப்பிளின் தலையில் பிடித்தேன். கேபிள் சரியாக இருந்தால் மீட்டர் அசையக் கூடாது. இறங்கியது. தலை 60-ஐத் தொட்டபோது மைனஸ் 20-க்கும் கீழே. முன்பைவிட மோசம். கேபிளைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு கம்பி மஞ்சள், ஒரு கம்பி சிவப்பு. தம்பி வழக்கப்படி சிவப்பைப் பிளஸில் கொடுத்திருந்தார், இரண்டு முனையிலும். நாங்கள் வாங்கியது அமெரிக்க நிறக் கணக்கில் வருகிற கேபிள். அதில் சிவப்புதான் மைனஸ், மஞ்சள் பிளஸ். ஐரோப்பியக் கணக்கில் வருவது பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். இரண்டு முனையும் சேர்ந்து மாறிவிட்டால் ஆறிய சூளையில் ஒன்றும் தெரியாது. சூடானால் செம்பு ஒயரைவிட இரண்டு மடங்கு தப்பு. நிறத்தை நம்பாமல் காந்தத்தை வைத்தோம்: ஒட்டுகிற கம்பி மைனஸ். சிவப்பு ஒட்டியது. மாற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி டிரையர். தலை 60, மீட்டர் 33, 34, 33. ஐந்து நிமிடம் பிடித்தும் அங்கேயே நின்றது. அந்த ஐந்து நிமிடத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது.

திறந்த கையோடு மற்ற வேலைகளையும் முடித்தோம். சென்சாரின் நுனி சூளைக்குள் 2 செ.மீ.தான் நீட்டிக்கொண்டிருந்தது. சுவரின் சூட்டையும் கலந்து காட்டும். 6 செ.மீ. உள்ளே தள்ளினோம். அதனால் பின்பக்க ஷெல்ஃபை 3 செ.மீ. முன்னால் இழுக்க வேண்டியிருந்தது. குழாயைச் சுற்றி இருந்த இடைவெளியில் செராமிக் ஃபைபர் அடைத்தோம். இதற்கு மாஸ்க் கட்டாயம், தூள் நுரையீரலுக்கு ஆகாது. அடைத்த பிறகு வேக்காட்டின்போது தலையின் சூடு 110-இலிருந்து 70-க்கு இறங்கியது. முன்பு அந்த இடைவெளி வழியாகத்தான் சூடு நேராகத் தலைக்கு வந்திருக்கிறது. தலைக்குள் ஸ்க்ரூ எல்லாம் பச்சைக் களிம்பு. காசிமேட்டுக் கடல்காற்று இங்கே வரைக்கும் வரும். பித்தளை எதுவும் ஒரு வருடத்துக்குமேல் பளபளப்பாக இருந்து பார்த்ததில்லை. 400 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்க்ரூவை மாற்றினோம். சென்சார் கேபிளைப் பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்ததையும் பிரித்து, ஓரடி தள்ளித் தனிக் குழாயில் கொண்டுபோனோம். முன்பு கான்டாக்டர் (காயிலுக்குக் கரன்டை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) இழுக்கும்போதெல்லாம் மீட்டர் எட்டு, பத்து டிகிரி துள்ளும். அந்தத் துள்ளல் நின்றுவிட்டது. ஸ்டீல் வலையைக் கன்ட்ரோலர் முனையில் மட்டும் எர்த் செய்தோம்.

முதல் வேக்காடு. மூன்று ஷெல்ஃபிலும் ஐந்து, ஆறு, ஏழு. கடைசி நூறு டிகிரி மணிக்கு 60. மீட்டர் 1222-இல் அணைத்தேன். மேல் ஷெல்ஃபிலும் நடு ஷெல்ஃபிலும் ஐந்து படுத்து, ஆறு குனிந்து, ஏழு நின்றது. கீழ் ஷெல்ஃபில் ஆறு பாதிதான் குனிந்திருந்தது. இது மீட்டர் விஷயமில்லை, சூளைக்குள் அடிப்பக்கம் சூடு பிந்துகிறது. கீழே உயரமான பொருளைக் குறைத்து அடுக்கி, 1215-இல் 12 நிமிடம் நிறுத்திவைக்கும்படி புரோகிராமை மாற்றினேன். சனிக்கிழமை போட்டது அதுதான்.

செலவுக் கணக்கு: கேபிள் 720 ரூபாய், ஸ்க்ரூ, ஃபைபர், குழாய் எல்லாம் சேர்த்து 600 சுமார், தம்பிக்கு ஒருநாள் கூலி. பழுதைச் சரிசெய்யத் தேவைப்பட்டது அவ்வளவுதான். தேடியதற்கு ஆனது: கிளேஸ் சரக்கு 2,400, தெர்மோகப்பிள் 950, கோன் 24-க்கு 1,680, இன்ஃப்ராரெட் கன் 1,150. கிளேஸ் வழிந்து வீணான ஷெல்ஃப் மூன்று, ஒன்று 1,800. கோப்பைகளுக்கும் கரன்டுக்கும் கணக்குப் போடவில்லை. தெர்மோகப்பிளும் கோனும் எப்படியும் வாங்கியிருக்க வேண்டியவை, அதை வீண் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு தடவை இப்படி வந்தால், முதல் நாளே கோன் வைப்பேன். மீட்டரும் கோனும் ஒத்துப்போகவில்லை என்றால் கிளேஸைத் தொடவே மாட்டேன். ஐஸ் சோதனைக்கு முன்னால் டிரையர் சோதனை. நுனியைச் சும்மா விட்டுவிட்டு, தலையிலிருந்து கன்ட்ரோலர் வரை கேபிள் வழியில் ஒவ்வொரு இணைப்பாகச் சூடு காட்டிக்கொண்டே போக வேண்டும்; மீட்டர் எங்கே அசைகிறதோ அங்கே நிற்க வேண்டும். பத்து நிமிட வேலை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கே வகையையே வைத்துக்கொள்ளப் போகிறேன். அது தாங்குகிற எல்லை 1260 என்பார்கள், நான் 1222-இல் ஓட்டுகிறேன். எல்லைக்குப் பக்கத்தில் ஓட்டினால் கம்பி சீக்கிரம் தேயும். எஸ் வகையும் அதற்கான கேபிளும் போடுகிற காசுக்குப் பத்து கே வாங்கலாம். அதனால் 25 வேக்காட்டுக்கு ஒன்று மாற்றுவது, நடுவில் ஒவ்வொரு வேக்காட்டிலும் நடு ஷெல்ஃபில் ஒரு ஆறாம் நம்பர் கோன் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். 70 ரூபாய் போகட்டும். நோட்டில் இப்போது மூன்று புதுக் கட்டங்கள் இருக்கின்றன: தலையின் சூடு, கன்ட்ரோலரின் சூடு, ஃபேன் உண்டா இல்லையா. சனிக்கிழமைக்கு எழுதியது: 70, 35, ஃபேன் உண்டு, கோன் ஆறு சரி.

பெரியவருக்கு இப்போது பிள்ளையார் வேலை, சதுர்த்தி முடியும்வரை நகர முடியாது. நேற்று இரண்டு கோப்பைகளை எடுத்துக்கொண்டு கொசப்பேட்டைக்குப் போனேன். ஈரப் பிள்ளையார் வரிசைக்கு நடுவில் உட்கார்ந்தபடியே ஒன்றை வாங்கி நகத்தால் சுண்டிப் பார்த்தார், காதருகே வைத்து இன்னொரு தடவை சுண்டினார். "அடுத்த தபா போடசொல்ல சொல்லுமா, வந்து கலரு பாக்குறேன்" என்றார்.